ரிதத்தில் பிறந்தவள்

பிலிமத்தலாவை
12.12.2024

சர்மிளாவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். உன் அக்கா இறந்துபோன பிறகு உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கிறது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன். கோபம் ஒழுங்கில்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காகச் சொல்லப்போவதை முதலில் இலக்கமிட்டுத் தருகிறேன்.

1. விண்ணப்பத்தில் டிலானியின் முகவரியை நீ மாற்றியது.
2. இறுதிச் சுற்றில் நீ எனக்குக் காட்டிய சைகை.
3. அதற்குப் பிறகு ஐந்து நாளாக நீ வாய் திறக்காதது.
4. நான் செய்யப்போவது.

முதலாவது. டிலானி மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெண். அவளுடைய விண்ணப்பத்தைச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர்க்க என்னிடம்தான் தந்தாய். முகவரி என்ற இடத்தில் கட்டுகஸ்தோட்டையில் உள்ள உன் பயிற்சிக்கூடத்தின் முகவரி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அழகிப் போட்டி நடத்துகிறாய், பெண்களைப் பழக்குகிறாய். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைக்கூட அவள் எங்கிருந்து வருகிறாள் என்று மேடையில் சொல்ல விட்டதில்லை. 2016இல் பன்விலவிலிருந்து வந்த நிலூஷா "கண்டி டவுன்" என்று சொல்லிக் கிரீடம் வாங்கினாள். அந்தப் பதிலையும் நான்தான் பெயர்த்தேன். அப்போது பேசாமல் இருந்தது என் பிழை. ஆனாலும் உன் பிழை முந்தியது.

இரண்டாவது. கடந்த சனிக்கிழமை டிலானியிடம் நடுவர் கேட்ட கேள்வி, "உங்களை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது எது?" அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பதில் தயாராக இருந்தது. மலைகளும் பனியும் என்று தொடங்கும். அதன் பிரதி என் கோப்பில் உண்டு. அவள் அதை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"நான் லயத்துல பொறந்தவ. லயத்துலதான் நடக்கப் பழகுனேன். என்னைய எங்க கொண்டுபோயி நிறுத்துனாலும் லயம் என்னைய விட்டுப் போகாது."

கொழும்பிலிருந்து வந்த மூன்று நடுவர்களுக்கும் தமிழ் தெரியாது. உரைபெயர்ப்பாளன் நான். நீ மேடை ஓரத்தில் நின்று உள்ளங்கையைக் கீழே பிடித்து இரண்டு தரம் தாழ்த்தினாய். அமுக்கு என்பது அதன் பொருள். தோட்டத்து வரிசை வீட்டுக்கும் இசையின் தாளத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நான் மற்றப் பொருளை எடுத்தேன். "நான் ரிதத்தில் பிறந்தவள். ரிதத்திலேயே நடக்கக் கற்றேன். எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் ரிதம் என்னை விட்டுப் போகாது." ஆங்கிலத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. மூன்று நடுவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிரீடம் டிலானிக்கு.

முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பெயர்த்தவன் நான். கொலை வழக்கில்கூட ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. என்னை அதைச் செய்ய வைத்தவள் நீ.

மூன்றாவது. "ரிதத்தின் மகள்" என்று முகநூலில் போட்டிருக்கிறார்களாம். நீ மறுக்கவில்லை.

நான்காவது. மூன்று நடுவர்களுக்கும் உண்மையை எழுதப் போகிறேன். டிலானியின் கிரீடத்துக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. எழுதுவதற்கு முன் உனக்கு அறிவிப்பது முறை என்பதால் அறிவிக்கிறேன்.

இராமையா


கட்டுகஸ்தோட்டை
16.12.2024

அத்தான்,

கோபத்துக்கும் அட்டவணை போடுகிற மனிதரை இன்றுதான் பார்க்கிறேன். போன் எடுத்தால் "ம்" என்கிறீர்கள், "சரி" என்கிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். பிறகு இலக்கம் போட்டுக் கடிதம். இரண்டு பஸ் ஏறி வந்து என் முகத்துக்கு நேரே திட்ட முடியாதா உங்களுக்கு? சரி, நானும் எழுதுகிறேன்.

முகவரி. லயத்தில் கதவுக்கு இலக்கம் உண்டா? நீங்களே சொல்லுங்கள், நீங்களும் அங்கே பிறந்தவர்தானே. அங்கே இருப்பவர்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குப் போகும், அங்கே கிடக்கும். முதல் சுற்றில் தெரிவானதாக டிலானிக்கு நான் அனுப்பிய கடிதம் அங்கே பதினெட்டு நாள் கிடந்தது. அவளுடைய அம்மா பாப்பம்மா கேட்கப் போனதற்கு, "அழகிப் போட்டியா? ஒனக்கா, ஒம் மகளுக்கா?" என்று கிளாக்கர் கேட்டுச் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் இறுதிச் சுற்று விண்ணப்பத்தில் என் முகவரியைப் போட்டேன். ஒளிக்க இல்லை. கடிதம் கையில் கிடைக்க.

நிலூஷா விஷயம் உண்மை. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். நீங்கள் செய்ததையும் என் தலையில் கட்டாதீர்கள்.

கை காட்டினேன். டிலானிக்குக் காட்டினேன். கூட்டத்தைக் கண்டால் அவள் மூச்சு விடாமல் பேசுவாள். "மெதுவா" என்று காட்டினேன். பழக்கத்தில் நூறு தரம் காட்டிய கைதான் அது. அந்தக் கையை நீங்கள் ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

வாய் திறக்கவில்லையாம். யாரிடம் திறக்க? "கோர்ட்டில் பேர் எடுத்த எங்கள் அத்தான் மேடையில் புளுகினார்" என்று நடுவர்களிடம் போய்ச் சொல்லட்டுமா? உங்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அதையும் மூன்றாம் இலக்கத்தில் குற்றமாகப் போட்டிருக்கிறீர்கள்.

நடுவர்களுக்கு எழுதுங்கள். தாராளமாக எழுதுங்கள். அதைச் செய்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சர்மிளா


பிலிமத்தலாவை
20.12.2024

சர்மிளாவுக்கு,

உன் விளக்கத்தை நான்கு தரம் வாசித்தேன். முகவரி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சைகை பற்றிச் சொன்னதில் ஓட்டை இருக்கிறது.

டிலானி தயாரித்த பதிலை விட்டு விலகிப் பேசினாள். பழக்கியவளான உனக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். தன் பெண் பாதை மாறிப் போகும்போது எந்தப் பயிற்சியாளராவது "மெதுவாகப் போ" என்று கை காட்டுவாரா? நிறுத்து என்று காட்டியிருக்கலாம். அமுக்கு என்று எனக்குக் காட்டியிருக்கலாம். மெதுவாக என்று காட்ட வேண்டுமானால் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க முடியாது, ஏனென்றால் நீ தந்த பதில் என் கோப்பில் இருக்கிறது.

நான் தவறாக விளங்கியிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. மேடை வெளிச்சம் என் கண்ணாடியில் பட்டது. ஆனால் நீ சொல்வது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தாத சாட்சியத்தை ஏற்று எனக்குப் பழக்கமில்லை.

நடுவர்களுக்கான கடிதத்தின் முதல் வரைவு முடிந்துவிட்டது. உன் பெயரை இன்னும் எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.

இராமையா


கட்டுகஸ்தோட்டை
27.12.2024

அத்தான்,

எனக்காக இடம் விட்டிருக்கிறீர்களாமே. பெரிய மனசு.

ஓட்டையை அடைக்கிறேன், கேளுங்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த மூன்று வரியும் நான் பழக்கியது. மலை, பனி என்கிற ஆங்கிலப் பதிலை இறுதிச் சுற்றுக்கு மூன்று கிழமைக்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டோம். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் அட்டவணையில் அதற்கு இலக்கம் இல்லை. நானே சொல்கிறேன்.

1993இல், எனக்குப் பத்தொன்பது வயதில், கண்டியில் அந்தத் தேயிலை ராணிப் போட்டி. நீங்களும் வந்திருந்தீர்கள். எங்கே இருந்து வருகிறாய் என்று நடுவர் கேட்டார். "பேராதனை வீதி" என்றேன். கிரீடம் வைத்தார்கள். தோட்டத்து லயத்துக்குத் திரும்பிப் போகும்போது அப்பா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார், "பேராதனை வீதியில யாரு வூடும்மா நமக்கு?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அந்தப் பேராதனை வீதியைத்தான் பிறகு எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதுதான் என் தொழில். தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையைத் தொடாதவர்களாக இருந்தாலும் அம்மாமாரைப் போலவே முன்னால் சாய்ந்து நடப்பார்கள், ஏற்றத்தில் போவது போல. அந்தச் சாய்வை எடுக்க மூன்று மாதம் பிடிக்கும். தரையில் டேப் ஒட்டி, சுவரில் முதுகை வைத்து எடுப்பேன். எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்தே எடுத்தேனே.

டிலானியிடம் எடுக்க முடியவில்லை. எடுக்கப் போனால் அவள் நடையே செத்துப்போனது. சரி, விட்டுவிடுவோம், அப்படியே நட, இதுதான் உன் அழகு என்று சொன்னேன். அப்போது அவள் கேட்டாள், "ஏன் மேடம், நடை மட்டும் லயத்துல இருந்து வரலாம், வாயி வரக்கூடாதா?" இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பதிலைக் கிழித்தேன். "லயம்" என்ற சொல்லை அவசரப்படாமல், எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். அதற்குத்தான் கை. வேறு எதற்கும் இல்லை. தோற்றாலும் பரவாயில்லை, ஒரு தரமாவது அந்த மேடையில் அந்தச் சொல் விழட்டும் என்று நின்றேன். அவள் சரியாகச் சொன்னாள். நீங்கள் எழுந்து அதைத் துடைத்துவிட்டீர்கள்.

இப்போது என்ன நடந்திருக்கிறது தெரியுமா? கிரீடம் கிடைத்திருக்கிறது. அவள் சொன்னதற்குக் கிடைத்ததா, நீங்கள் சொன்னதற்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. சாகும்வரை தெரியாது. அதற்குத்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம். உங்கள் நான்கு குறிப்பிலும் அது இல்லை.

சர்மிளா


பிலிமத்தலாவை
03.01.2025

சர்மிளாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத் தெரியவில்லை. டிலானியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நேற்று மடுல்கெல்லைக்குப் போனேன். நீ சொன்னது போல பஸ் ஏறித்தான். அவள் வீட்டில் இல்லை. பாப்பம்மா இருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, யாரிடமோ பால்மா வாங்கிவந்து தேநீர் தந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"ஐயா, நம்ம லயத்தப் பத்திப் புள்ள பேசுனத நீங்க இங்கிலீசுல எடுத்துச் சொன்னீங்களாமே. நான் பின்னால நின்னேன், ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்தக் கொழும்பு நோனாமாரு எந்திரிச்சு நின்னாங்க பாருங்க. லயத்துக்கு எந்திரிச்சு நின்னாங்கய்யா. மககிட்டக் கேட்டேன், என்னாடி சொன்னாருன்னு. நம்ம லயத்தப் பத்தித்தான்மா, அப்படின்னா. இப்ப பைப்படியில என்னையத்தான் மொதல்ல தண்ணி புடிக்க விடுறாளுக. மக ராணியாச்சே, நீ புடி ராணியம்மான்னு நக்கலு வேற."

சிரித்தார். நானும் சிரித்தேன். தேநீரைக் குடித்து முடித்தேன். வந்த விஷயத்தைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

ஆகவே நான்காவது குறிப்பைக் கைவிடுகிறேன். நடுவர்களுக்கு எழுதப்போவதில்லை. காரணங்கள்: எழுதினால் கிரீடம் போகக்கூடும். பாப்பம்மாவுக்குத் தெரியவரும். பிப்ரவரி 22இல் கொழும்பில் நடக்கும் தேசியச் சுற்றுக்கு டிலானி போக முடியாமல் போகும். இவற்றுக்கு எதிரே என் மனச்சாட்சி ஒரு சிறிய விஷயம்.

உன் கையை நான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்பதையும் இப்போது ஏற்கிறேன். கண்டது சரி, விளங்கியது தவறு. இத்துடன் இதை முடித்துக்கொள்வோம்.

இராமையா


கட்டுகஸ்தோட்டை
09.01.2025

அத்தான்,

முடித்துக்கொள்வோமா? யார் முடிப்பது?

எழுதப்போகிறேன் என்றீர்கள், என் பெயரைப் போட இடம் இருந்தவரை. இப்போது அந்த இடத்தில் உங்கள் பெயர்தான் வர வேண்டும் என்று ஆனதும் எழுதமாட்டேன் என்கிறீர்கள். அதற்குப் பாப்பம்மாவை முன்னால் நிறுத்துகிறீர்கள். ஒரு கோப்பைத் தேநீர் தந்த மனுஷியை இப்படியா பாவிப்பது?

பாப்பம்மாவுக்குத் தெரியும். டிலானி சொல்லிவிட்டாள். நீங்கள் வந்துபோனதைக் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். பாப்பம்மா ஒன்றுதான் கேட்டாராம், "அப்ப லயத்துக்கு யாருமே கைதட்டலயா?"

நேற்றுக் காலை டிலானி பயிற்சிக்கூடத்துக்கு வந்து கிரீடத்தைப் பெட்டியோடு மேசையில் வைத்தாள்.

"இது என்னாது?" என்றேன்.

"மேடம், இது எனக்குக் குடுத்தது இல்ல. தாத்தா இங்கிலீசுல சொன்னதுக்குக் குடுத்தது. அவரு தலையிலயே வைக்கச் சொல்லுங்க."

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமே. அங்கயே மைக்க வாங்கிச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கைதட்டிட்டாங்க. கைதட்டுனா நின்னு சிரிக்கணும்னு நீங்கதானே பழக்குனீங்க?"

என் பாடம் அது.

அவள் முடிவு இதுதான். அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் அந்த மூன்று பேருக்கும் உள்ளபடி பெயர்த்து அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் அவளுக்குத்தான் என்று அவர்கள் சொன்னால் போட்டுக்கொள்வாள். இல்லையென்றால் இரண்டாவதாக வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிடட்டும் என்கிறாள். நான் எழுதினால் தன் பிள்ளைக்காகப் பேசுகிறாள் என்பார்கள். அவள் எழுதினால் விளம்பரத்துக்கு என்பார்கள். பெயர்த்தவர் எழுதினால்தான் நம்புவார்கள்.

தேசியச் சுற்றுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் 25. அதற்குள் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தப் பிள்ளை போகாது. அது உங்களால். இலக்கம் போட்டு எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்மிளா


பிலிமத்தலாவை
16.01.2025

சர்மிளாவுக்கு,

இன்று காலை மூன்று கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றும் ஒரே வாசகம். பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், டிலானியிடம் காட்டு. தமிழில் அதன் சாரம் இது:

"7.12.2024 அன்று டிலானி கூறிய பதிலை நான் பிழையாகப் பெயர்த்தேன். லயம் என்று அவர் சொன்னது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீட்டை. இசையின் லயத்தை அல்ல. அவருடைய பதிலின் சரியான பெயர்ப்பு: நான் வரிசை வீட்டில் பிறந்தவள். வரிசை வீட்டில்தான் நடக்கப் பழகினேன். என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் வரிசை வீடு என்னை விட்டுப் போகாது. சொல்லின் பொருள் எனக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை அல்ல இது. நானும் பன்விலவில் அப்படியொரு வீட்டில் பிறந்தவன். எவருடைய தூண்டுதலும் இல்லை. போட்டியின் இயக்குநருக்கும் போட்டியாளருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை."

ஐந்து தரம் எழுதினேன். முதல் நான்கிலும் "பிழை நேர்ந்தது" என்று எழுதியிருந்தேன். ஐந்தாவதில்தான் "பெயர்த்தேன்" என்று வந்தது. "வரிசை வீடு" என்பதும் முழுதாகப் பொருந்தவில்லை. அதற்குள் பைப்படி இல்லை, பாப்பம்மாவின் கேள்வி இல்லை. இதைவிட நன்றாகப் பெயர்க்க எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. கிரீடத்தைத் திருப்பிக் கேட்கலாம். என்னைப் பற்றி யாரிடமாவது பேசலாம். முன்வரிசையில் இருந்தாரே, நான் வேலை செய்த காலத்து நீதவானின் மனைவி, அவருக்கும் தெரியவரும். என்னை இத்தனை வருடமும் "பிலிமத்தலாவை மிஸ்டர் இராமையா" என்றுதான் அவர் அழைப்பார், அங்கேயே பிறந்தவன் என்ற நினைப்பில். நான் திருத்தியதில்லை.

நீதிமன்றத்தில் "லயம்" என்ற சொல்லை ஆயிரம் தடவையாவது பெயர்த்திருப்பேன். "லயத்தடியில் நின்றேன்," "லயத்துக் கதவு திறந்திருந்தது." ஒரு தடவையும் தடுமாறவில்லை. அவை மற்றவர்களுடைய லயங்கள். கூண்டில் நின்றவர்களுடையவை. அன்றைக்கு அந்தப் பெரிய விளக்குகளின் கீழே, என் பக்கத்தில் நின்றுகொண்டு, டிலானி அதை என்னுடைய குரலிலும் சொல்லவைக்கப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது.

உன் கோபம் நியாயமானது. என் கோபத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நிலூஷாவைப் பற்றி எழுதியதில் மட்டும் நிற்கிறேன். அதை நீயும் மறுக்கவில்லை.

இன்னும் ஒன்றைத் திருத்த வேண்டும். முதல் கடிதத்தின் இரண்டாவது குறிப்புப் பிழை. கையைத் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன், அதுவும் பிழை. டிலானி பேசியபோது நான் உன் பக்கம் பார்க்கவே இல்லை. என் முன்னால் இருந்த தாளையும், முன்வரிசையில் அந்த நீதவான் மனைவியின் முகத்தையும்தான் பார்த்தேன். அவள் "லயத்துல" என்று சொன்ன உடனே "ரிதம்" என் வாயில் தயாராக இருந்தது. உன் கையை நான் முதன்முதலாகக் கண்டது மூன்று நாள் கழித்து, பக்கத்து வீட்டு ஃபாஸிலின் போனில், முகநூலில் போட்ட அந்த வீடியோவில்.

இராமையா